13 ஆட்டம், 13 ஜெயம், ஆனாலும் கதவு சாத்திட்டாங்க: ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 சீசன்ல என்னதான் நடந்துச்சு

2023 டிசம்பர் 3, ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டி ஃபுட்பால் டீம் பசங்க எல்லாம் அவங்க காலேஜ் இருக்கற டலஹாஸி ஊர்ல ஒண்ணா உக்காந்து டிவி பார்த்துட்டு இருக்காங்க. முந்தின நாள் ராத்திரிதான் சார்லட்ல லூயிவில் டீமை 16-6-னு ஜெயிச்சு கான்ஃபரன்ஸ் கோப்பையை எடுத்துட்டு வந்திருக்காங்க. சீசன்ல 13 ஆட்டம், 13-லயும் ஜெயம். டிவில ஒவ்வொரு பேரா வருது. முதல் இடம் மிஷிகன், ரெண்டாவது வாஷிங்டன், மூணாவது டெக்சாஸ், நாலாவது அலபாமா. தேசியப் பட்டத்துக்கான ப்ளேஆஃப்ல மொத்தமே நாலு இடம்தான். ஃப்ளோரிடா ஸ்டேட் அஞ்சாவது.

டெக்சாஸ் ஒரு ஆட்டம் தோத்த டீம், அலபாமாவும் ஒரு ஆட்டம் தோத்த டீம். ஒண்ணுகூட தோக்காதவங்க வெளிய. 2014-ல இந்த நாலு டீம் ப்ளேஆஃப் ஆரம்பிச்சதுல இருந்து, பெரிய அஞ்சு கான்ஃபரன்ஸ்ல ஒண்ணுல தோக்காமயே சாம்பியன் ஆன டீமுக்கு இடம் இல்லன்னு சொன்னது அதுதான் முதல் தடவை.

இந்தக் கதையை இப்பல்லாம் ரெண்டே வரில முடிச்சுடறாங்க. "வெளிய விட்டாங்க, அப்புறம் ஜார்ஜியாகிட்ட போய் 63-3 வாங்கிட்டு வந்தாங்க, அப்ப கமிட்டி பண்ணது சரிதானே." எனக்கு இந்த ரெண்டாவது வரி சுத்தமா ஒத்துக்க முடியல. ஏன்னு சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போய்ட்டு வரணும், அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலே தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லப் பார்க்கறேன். (ஃபுட்பால்னதும் மெஸ்ஸி ரொனால்டோ ஞாபகம் வந்தா அதை ஓரமா வச்சுடுங்க, இது ஹெல்மெட் போட்டுக்கிட்டு, முட்டை மாதிரி பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஓடற ஆட்டம்.)

முதல்ல இந்த அமைப்பே ஒரு விசித்திரம். மேல்மட்டப் பிரிவுல அந்த வருஷம் 133 காலேஜ் டீம் இருந்துச்சு. ஒரு டீமுக்கு ரெகுலர் சீசன்ல 12 ஆட்டம், அவ்வளவுதான், ஏன்னா இது ஆளை ஆள் இடிச்சுத் தள்ளற ஆட்டம், வாரத்துக்கு ஒண்ணுக்கு மேல உடம்பு தாங்காது. 133 டீம் இருந்து ஆளுக்கு 12 ஆட்டம்னா யார் யாரோட மோதுவாங்க? பெரும்பாலானவங்க சந்திக்கவே மாட்டாங்க. அதனால பக்கத்துப் பக்கத்துல இருக்கற காலேஜெல்லாம் சேர்ந்து கான்ஃபரன்ஸ்னு கூட்டணி வச்சிருக்காங்க, பாதிக்கு மேல ஆட்டம் அதுக்குள்ளயே நடக்கும். 2023-ல பெரிய கூட்டணி அஞ்சு: எஸ்இசி, பிக் டென், பிக் 12, பேக் 12, ஏசிசி. அலபாமா, ஜார்ஜியா மாதிரி பணமும் பேரும் கொட்டிக் கிடக்கற டீமெல்லாம் எஸ்இசி. ஃப்ளோரிடா ஸ்டேட் இருக்கறது ஏசிசி.

பெரிய கூட்டணி அஞ்சு, ப்ளேஆஃப் சீட்டு நாலு. இந்தக் கணக்கு எந்த வருஷமாவது உதைச்சே தீரும்னு ஆரம்பிச்ச அன்னைக்கே தெரியும். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் கடைசி நேரத்துல தோத்துத் தொலைச்சு கமிட்டியைக் காப்பாத்திட்டே இருந்தாங்க, 2023-ல காப்பாத்த ஆள் இல்ல.

யார் உள்ள வர்றதுன்னு எப்படி முடிவு பண்றாங்க? கிரிக்கெட் லீக்னா பாயிண்ட்ஸ் டேபிள் இருக்கும், சமமா வந்தா நெட் ரன் ரேட் பார்ப்பாங்க, பிடிக்குதோ இல்லையோ கணக்கு கணக்குதான். இங்க அப்படி ஒரு டேபிளே கிடையாது. 13 பேர் கொண்ட ஒரு கமிட்டி, காலேஜ் விளையாட்டுத் துறை டைரக்டர்கள், பழைய கோச்சுங்க, பழைய பிளேயர்ஸ் இப்படிப்பட்டவங்க, டெக்சாஸ்ல கிரேப்வைன்னு ஒரு ஊர்ல ஹோட்டல்ல கூடி உக்காந்து பேசி ஓட்டுப் போட்டு முடிவு பண்றாங்க. அந்த வருஷம் கமிட்டித் தலைவர் பூ கோரிகன், நார்த் கரோலினா ஸ்டேட் காலேஜோட டைரக்டர். அந்தக் காலேஜும் ஏசிசிதான்! சொந்தக் கூட்டணிக்காரர் வாயாலேயே ஏசிசி சாம்பியனுக்கு இடம் இல்லன்னு நாட்டுக்கே விளக்கம் சொல்ல வேண்டியதாப் போச்சு பாவம்.

கமிட்டிக்கு அப்ப குடுத்திருந்த வேலை "சிறந்த" நாலு டீமைத் தேர்ந்தெடுன்னு. இந்த ஒரு வார்த்தைலதான் எல்லா வில்லங்கமும். சிறந்த டீம்னா இதுவரைக்கும் நல்லா ஆடுன டீமா, இல்ல இனிமே நல்லா ஆடப்போற டீமா? முக்காவாசி வருஷம் ரெண்டுக்கும் ஒரே பதில் வந்துடும், அதனால யாரும் கேக்கல. விதிமுறைல எதிரிகளோட பலம், நேருக்கு நேர் மோதுன ரிசல்ட், கான்ஃபரன்ஸ் சாம்பியன்ஷிப் எல்லாம் வரிசையா போட்டுட்டு, கூடவே இன்னொரு விஷயமும் இருக்கு: முக்கியமான பிளேயரோ கோச்சோ இல்லாமப் போனா அது இதுவரைக்கும் டீமை எப்படிப் பாதிச்சுது, இனிமே எப்படிப் பாதிக்கும்னும் பார்க்கலாம்னு. வருஷக்கணக்கா யாரும் பெருசா கண்டுக்காத வரி அது.

சரி, டீமுக்கு வருவோம். ஃப்ளோரிடா ஸ்டேட் ஒண்ணும் நேத்து முளைச்ச டீம் இல்ல. பாபி பௌடன்னு ஒரு கோச், 34 வருஷம் அங்கயே இருந்து 1993, 1999-னு ரெண்டு தேசியப் பட்டம் வாங்கிக் குடுத்தாரு. 2013-ல ஜிம்போ ஃபிஷர் காலத்துல மூணாவது. அப்புறம் 2017 கடைசில ஃபிஷர் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பக்கம் போய்ட்டாரு, அடுத்து வந்தவரை ரெண்டு வருஷம் முடியறதுக்குள்ளயே அனுப்பிட்டாங்க. 2019 டிசம்பர்ல மெம்ஃபிஸ்ல இருந்து மைக் நார்வெல் வந்தாரு. முதல் வருஷம் 3 ஜெயம் 6 தோல்வி. ரெண்டாவது வருஷம் வரிசையா நாலு தோல்வில ஆரம்பம், அதுல ஒண்ணு ஜாக்சன்வில் ஸ்டேட்னு ஒரு கீழ்ப்பிரிவு டீம்கிட்ட, அதுவும் கடைசி பந்துல 59 யார்டு டச்டவுன் (எதிரி எல்லைக்குள்ள பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கறது, பெரிய ஸ்கோர்) விட்டுக் குடுத்து 20-17. சொந்த கிரவுண்டுல. அந்த ராத்திரி ரசிகர்கள் நார்வெலைத் திட்டின திட்டு கொஞ்சநஞ்சம் இல்ல.

அங்க இருந்து ரெண்டே வருஷத்துல 13-0 எப்படி வந்துச்சுன்னா, அதுக்குப் பேரு ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல். முன்னாடியெல்லாம் ஒரு காலேஜ்ல இருந்து இன்னொரு காலேஜுக்கு மாறுனா ஒரு வருஷம் சும்மா உக்காரணும். 2021-ல விதியை மாத்தி, ஒரு தடவை மாறுனா உடனே ஆடலாம்னு ஆக்கிட்டாங்க. ஸ்கூல்ல இருந்து பையனைப் பிடிச்சு மூணு நாலு வருஷம் வளர்த்து ஆளாக்கறதுதான் பழைய வழி. நார்வெல் துணி எடுத்துத் தைக்கக் குடுத்துட்டுக் காத்துட்டு இருக்கல, நேரா போய் ரெடிமேட் எடுத்தாரு. டிஃபென்ஸ்ல மிரட்டுன ஜேரட் வெர்ஸ், ஆல்பனினு யாரும் கேள்விப்படாத சின்னக் காலேஜ்ல இருந்து வந்தவரு. ரிசீவர் (எறியற பந்தைப் பிடிக்கறவரு) கியான் கோல்மன் மிஷிகன் ஸ்டேட், இன்னொரு ரிசீவர் ஜானி வில்சன் அரிசோனா ஸ்டேட், பந்தை வாங்கிக்கிட்டு ஓடற ரன்னிங் பேக் ட்ரே பென்சன் ஆரிகன், டிஃபென்சிவ் லைன்ல பிரேடன் ஃபிஸ்க் வெஸ்டர்ன் மிஷிகன். ஏன், குவார்ட்டர்பேக் (அது என்னன்னு பின்னாடி சொல்றேன்) ஜோர்டன் டிராவிஸே லூயிவில்ல இருந்து மாறி வந்தவருதான், ஆனா அவரு 2019-லயே வந்து டீமோட மோசமான காலம் மொத்தத்தையும் கூடவே இருந்து பார்த்தவரு. அதனாலதான் அவர் மேல ஊருக்கே தனிப் பாசம்.

இந்த ரெடிமேட் விஷயத்தை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

2022-ல 10-3. அடுத்த சீசன் முதல் ஆட்டமே ஓர்லாண்டோல எல்எஸ்யூங்கற லூசியானா ஸ்டேட் டீமோட, அவங்க தரவரிசைல 5, இவங்க 8. முதல் பாதி 17-14-னு எல்எஸ்யூ முன்னாடி. ரெண்டாவது பாதில ஃப்ளோரிடா ஸ்டேட் 31 பாயிண்ட் அடிச்சு 45-24-னு முடிச்சுட்டாங்க, கோல்மன் மட்டும் மூணு டச்டவுன் பிடிச்சாரு. எதிர்ல ஆடுன குவார்ட்டர்பேக் யாரு தெரியுமா, ஜெய்டன் டேனியல்ஸ், நாட்டுலயே சிறந்த காலேஜ் பிளேயருக்குக் குடுக்கற ஹைஸ்மன் கோப்பையை அந்த வருஷம் வாங்குனவரு. அன்னைக்கே எல்லாரும் இந்த டீம் வேற மாதிரின்னு பேச ஆரம்பிச்சாச்சு.

ஆனா எல்லா வாரமும் அப்படி இல்ல. பாஸ்டன் காலேஜ்ல 31-10-னு இருந்த ஆட்டத்தை இழுத்து 31-29-னு தப்பிச்சாங்க, பாஸ்டன் காலேஜ் 18 பெனால்டி வாங்கிக்கிட்டதால பிழைச்சாங்கன்னுகூடச் சொல்லலாம். அடுத்த வாரம் க்ளெம்சன். 2015-ல இருந்து அவங்ககிட்ட வரிசையா ஏழு தோல்வி. அங்கயும் க்ளெம்சன்தான் முன்னாடி இருந்தாங்க, லைன்பேக்கர் கேலன் டிலோச் குவார்ட்டர்பேக்கை இடிச்சு பந்தை உதறவச்சு அதையே எடுத்துக்கிட்டு 56 யார்டு ஓடி ஸ்கோரைச் சமன் பண்ணாரு, கடைசி ரெண்டு நிமிஷத்துக்குள்ள க்ளெம்சன் ஒரு சுலபமான ஃபீல்ட் கோலை (கம்பங்களுக்கு நடுவுல உதைச்சு எடுக்கற 3 பாயிண்ட்) வெளிய உதைச்சாங்க, ஓவர்டைம்ல கோல்மன் டச்டவுன், 31-24. பெரிய சீசனுக்கெல்லாம் இப்படி அதிர்ஷ்டமும் கொஞ்சம் கூட வரணும், வந்துச்சு.

அப்புறம் விர்ஜினியா டெக், சிரக்யூஸ், டியூக், வேக் ஃபாரஸ்ட், பிட்ஸ்பர்க்னு வரிசையா தாண்டிட்டாங்க. பரம எதிரி மயாமியை 27-20. பத்துக்குப் பத்து.

நவம்பர் 18. நார்த் அலபாமா, கீழ்ப்பிரிவு டீம், சொல்லப்போனா பிராக்டிஸ் மேட்ச் மாதிரி. முதல் குவார்ட்டர்ல டிராவிஸ் பந்தை எடுத்துக்கிட்டு ஓடறாரு, கீழ விழறாரு, இடது காலைப் பார்த்ததும் ஸ்டேடியமே அமைதியாயிடுச்சு. எழுபத்தொன்பதாயிரம் பேர் உக்கார்ற இடத்துல சத்தமே இல்ல. வண்டில வச்சுக் கொண்டுபோறாங்க, ரெண்டு டீம் பசங்களும் சுத்தி நிக்கறாங்க. சீசன் முடிஞ்சுது அவருக்கு. அதுவரைக்கும் 20 டச்டவுன் பாஸ், வெறும் ரெண்டே ரெண்டு இன்டர்செப்ஷன் (எதிரி கைக்குப் போன பாஸ்). பாதி சீசனுக்கு மேல முடிஞ்ச நிலைல அடிபட்டும் ஹைஸ்மன் ஓட்டுல அஞ்சாவது வந்தாரு. அன்னைக்கு ஆட்டம் 0-13-ல இருந்து 58-13 ஆச்சு, யாரும் கொண்டாடல.

குவார்ட்டர்பேக்னா என்னன்னு ஒரு வரில சொல்லணும்னா, ஒவ்வொரு முறையும் பந்து முதல்ல வர்றது அவர் கைக்குத்தான், அதை யார்கிட்ட குடுக்கறது, எங்க எறியறதுன்னு மூணு செகண்டுல முடிவு பண்றவரு. மத்த 21 பேரும் அவர் முடிவுக்குத்தான் ஓடறாங்க. அதனால "ஒரு ஆள் போனா டீமே போச்சா"ன்னு கேட்டா, இந்த ஒரு இடத்துல மட்டும் அந்தக் கேள்வி முட்டாள்தனமான கேள்வி இல்ல. இதை நானும் ஒத்துக்கறேன்.

அடுத்த வாரம் கேய்ன்ஸ்வில்ல ஃப்ளோரிடா யுனிவர்சிட்டியோட (பேர்தான் ஒரே மாதிரி, வேற காலேஜ்). ரெண்டாவது குவார்ட்டர்பேக் டேட் ரோட்மேக்கர் ஆடுனாரு, 0-12-ல இருந்து 24-15-னு ஜெயிச்சாங்க, பென்சன் மூணு டச்டவுன் ஓடுனாரு. ஆனா ரோட்மேக்கருக்கும் தலைல அடி. அதனால கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல மூணாவது ஆள், பிராக் க்ளென்னு முதல் வருஷப் பையன், வாழ்க்கைலயே முதல் ஸ்டார்ட். 21 தடவை எறிஞ்சு 8 தடவை போய்ச் சேர்ந்துச்சு, மொத்தமே 55 யார்டு. பார்க்கவே கண்ணு வலிச்ச ஆட்டம், நேர்மையா சொல்றேன். ஆனா லூயிவில் அதுக்கு முன்னாடி 10 ஆட்டம் ஜெயிச்ச டீம், அவங்களை டச்டவுனே அடிக்கவிடாம வெறும் 6 பாயிண்ட்ல சுருட்டுனது அதே ஃப்ளோரிடா ஸ்டேட் டிஃபென்ஸ்தான். கமிட்டி க்ளெனைப் பார்த்துச்சு, அந்த டிஃபென்ஸைப் பார்த்துச்சான்னுதான் என் கேள்வி.

அன்னைக்கே அட்லாண்டால இன்னொரு வேலை நடந்துச்சு. தொடர்ந்து 29 ஆட்டம் தோக்காம இருந்த ஜார்ஜியாவை எஸ்இசி ஃபைனல்ல அலபாமா 27-24-னு சாச்சுட்டாங்க. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அந்த அலபாமா இருந்த லட்சணம் என்னன்னா, ஆபர்ன் டீமோட ஆடுன ஆட்டத்துல, கடைசி வாய்ப்பான நாலாவது முயற்சில 31 யார்டு போனாத்தான் உண்டுங்கற நிலைமை, கடைசி நிமிஷம், ஜேலன் மில்ரோ தூக்கி எறிஞ்ச பந்தை ஐசயா பாண்ட் மூலைல பிடிச்சு 27-24. அது கீழ விழுந்திருந்தா இந்தக் கட்டுரையே இல்ல.

இப்ப கமிட்டி மண்டையைப் பிச்சுக்கற இடம். மிஷிகனும் வாஷிங்டனும் தோக்காத சாம்பியன், அதுல பேச்சே இல்ல. மீதி ரெண்டு இடத்துக்கு டெக்சாஸ், அலபாமா, ஃப்ளோரிடா ஸ்டேட்னு மூணு சாம்பியன். செப்டம்பர்ல டெக்சாஸ் டஸ்கலூஸாவுக்கே போய் அலபாமாவை அவங்க சொந்த ஊர்ல 34-24-னு ஜெயிச்சிருந்தாங்க. அதனால அலபாமாவை உள்ள விட்டா டெக்சாஸை வெளிய விட முடியாது, ஊரே சிரிக்கும். அப்ப இருக்கற வழி ரெண்டுதான்: டெக்சாஸும் ஃப்ளோரிடா ஸ்டேட்டும், இல்ல டெக்சாஸும் அலபாமாவும். முதல் வழில போனா எஸ்இசில இருந்து ஒருத்தர்கூட இல்ல. 2014-ல இருந்து ஒரு வருஷம்கூட எஸ்இசி இல்லாம ப்ளேஆஃப் நடந்ததில்ல. அது கமிட்டி மனசுல இருந்துச்சா இல்லையான்னு நான் சொல்ல முடியாது, ஆனா டலஹாஸில யாரைக் கேட்டாலும் அதைத்தான் முதல்ல சொல்வாங்க.

கமிட்டி பக்க நியாயத்தையும் சொல்லிடறேன். அலபாமா சந்திச்ச எதிரிகள் பலசாலிங்க, முதல் இடத்துல இருந்த டீமை ஜெயிச்சிருக்காங்க. கோரிகன் சொன்ன விளக்கம், டிராவிஸ் இல்லாத ஃப்ளோரிடா ஸ்டேட் முதல் 11 ஆட்டத்துல பார்த்த அதே டீம் இல்லங்கறது. விதிலயும் அதுக்கு இடம் இருக்கு, மேல சொன்னேன்ல, அந்த யாரும் கண்டுக்காத வரி.

ஆனா ஒரு விஷயம் உறுத்துது. நவம்பர் 28-ம் தேதி, அதாவது ஃபைனலுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை, இதே கமிட்டி வெளியிட்ட தரவரிசைல ஃப்ளோரிடா ஸ்டேட் 4, டெக்சாஸ் 7, அலபாமா 8. டிராவிஸுக்குக் கால் போய் பத்து நாள் ஆச்சு அப்ப. தெரிஞ்சுதான் 4 குடுத்தாங்க. அப்புறம் இவங்க ஒரு நல்ல டீமை ஜெயிச்சாங்க, கீழ இறங்கிட்டாங்க. ஜெயிச்சதால இறங்குனாங்கன்னு சொல்ல முடியாது, ஆனா ஜெயிச்சும் இறங்குனாங்க, அதுக்கு என்ன பேர் வைக்கறது?

பழைய கதை ஒண்ணு இருக்கு, இதே மாதிரி. 2014, முதல் ப்ளேஆஃப் வருஷம். ஒஹையோ ஸ்டேட்டுக்கு முதல் குவார்ட்டர்பேக், ரெண்டாவது குவார்ட்டர்பேக் ரெண்டு பேருக்கும் அடி, மூணாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ் கான்ஃபரன்ஸ் ஃபைனல் ஆடுனாரு. விஸ்கான்சினை 59-0. கமிட்டி நாலாவது சீட்டுல உள்ள விட்டுச்சு, அவங்க அலபாமாவையும் ஆரிகனையும் அடிச்சுக் கோப்பையே வாங்கிட்டாங்க. அதே வருஷம் டிசியூங்கற டெக்சாஸ் காலேஜ் டீம் கடைசி ஆட்டத்துல 55-3-னு ஜெயிச்சும் மூணாவது இடத்துல இருந்து ஆறாவதுக்குப் போனாங்க, அதனால ஜெயிச்சு இறங்கறது புதுசு இல்ல. ஆக, மூணாவது குவார்ட்டர்பேக்கா இருந்தாலும் பரவால்ல, ஆனா 59-0-னு அழகா ஜெயிக்கணும், 16-6-னு அசிங்கமா ஜெயிச்சா செல்லாது. இதை எங்கயும் எழுதி வைக்கல, எழுதி வச்சிருந்தா நார்வெலாவது கடைசி நிமிஷம் வரைக்கும் அடிச்சு ஆடச் சொல்லியிருப்பாரு.

அறிவிப்பு வந்த அன்னைக்கு டிராவிஸ் ட்விட்டர்ல போட்டதைப் படிச்சா இப்பவும் கஷ்டமா இருக்கும். என் கால் சீசன்ல இன்னும் முன்னாடியே உடைஞ்சிருந்தா, இந்த டீம் ஒரு குவார்ட்டர்பேக்கைத் தாண்டின டீம்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமேன்னு எழுதியிருந்தாரு. கால் உடைஞ்சதுக்கு வருத்தப்படல, லேட்டா உடைஞ்சதுக்கு வருத்தப்பட்டிருக்காரு 23 வயசுப் பையன்.

அரசியல்வாதிங்க சும்மா இருப்பாங்களா. ஃப்ளோரிடா கவர்னர் டிசாண்டிஸ் கேஸ் செலவுக்கு பட்ஜெட்ல 10 லட்சம் டாலர் ஒதுக்கலாம்னாரு, மாகாண அட்டர்னி ஜெனரல் விசாரணைன்னு இறங்குனாங்க, செனட்டர் ரிக் ஸ்காட் கமிட்டிக்கு லெட்டர் எழுதுனாரு. ஒண்ணும் நடக்கல, நடக்காதுன்னு அவங்களுக்கும் தெரியும்.

இப்ப அந்த 63-3. ப்ளேஆஃப்ல இடம் கிடைக்காததால ஆரஞ்ச் பவுல்ங்கற ஆட்டத்துல ஆறாவது இடத்துல இருந்த ஜார்ஜியாவோட போட்டாங்க, டிசம்பர் 30, மயாமி பக்கம். அந்த ஆட்டத்துல ஜெயிச்சா எதுவும் கிடையாது, ஒரு கோப்பை தருவாங்க அவ்வளவுதான். அடுத்த ஏப்ரல்ல என்எஃப்எல் டிராஃப்ட்ல (காசுக்கு ஆடற பெரிய லீக் டீமுங்க காலேஜ் பசங்களைத் தேர்ந்தெடுக்கறது) கோடிக்கணக்குல கான்ட்ராக்ட் காத்துட்டு இருக்கற பையன் இதுல ஆடி முட்டியை உடைச்சுக்குவானா? கோல்மன் ஆடல, வில்சன் ஆடல, பென்சன் ஆடல, வெர்ஸ் ஆடல. ரோட்மேக்கர் வேற காலேஜ் பார்க்கறேன்னு போர்ட்டல்ல பேர் குடுத்துட்டாரு. காயம், டிராஃப்ட், போர்ட்டல்னு ரெண்டு டஜனுக்கும் மேல ஆள் இல்ல. ஜார்ஜியாவுக்கும் ப்ளேஆஃப் கிடைக்காத கடுப்புதான், ஆனா அவங்க ஆளுங்க முக்காவாசிப் பேர் இருந்தாங்க. பாதி ஆட்டத்துலயே 42-3. 60 பாயிண்ட் வித்தியாசம், பவுல் ஆட்டங்கள் வரலாத்துலயே பெரிய தோல்வி.

இதை வச்சு கமிட்டி சரின்னு சொல்றது எப்படி? வீட்டை விட்டுப் பாதிப் பேர் கிளம்பிப் போனப்புறம் வந்து கதவைத் தட்டிட்டு, பாத்தியா வீட்ல ஆளே இல்லன்னு சொல்ற மாதிரி. அவங்க கிளம்புனதுக்குக் காரணமே அந்த முடிவுதானே. ப்ளேஆஃப்ல இடம் கிடைச்சிருந்தா வெர்ஸும் கோல்மனும் ஆடியிருப்பாங்கன்னு தாராளமா நம்பலாம், பட்டம் வாங்கத்தான் ஒவ்வொருத்தனும் அங்க வந்தான். இன்னொண்ணு, அதே வருஷம் ஜனவரில நடந்த தேசிய ஃபைனல்ல இதே ஜார்ஜியா முழு டீமோட வந்த டிசியூவை 65-7-னு அடிச்சாங்க. டிசியூ அந்த இடத்துக்கு லாயக்கான்னு கேட்டா, அவங்க அரையிறுதில மிஷிகனை 51-45-னு ஜெயிச்சுத்தான் அங்க வந்தாங்க. ஒரு ராத்திரி ஸ்கோரை வச்சு ஒரு சீசனை அளக்க ஆரம்பிச்சா எதுவும் மிஞ்சாது. அப்புறம் சீட்டு வாங்குன அலபாமா என்ன பண்ணாங்கன்னா, மிஷிகன்கிட்ட ஓவர்டைம்ல 27-20-னு தோத்தாங்க. நல்ல ஆட்டம்தான். ஆனா தோல்விதான்.

க்ளெனை வச்சுக்கிட்டு ஃப்ளோரிடா ஸ்டேட் மிஷிகனை ஜெயிச்சிருப்பாங்களா? எனக்கு நம்பிக்கை இல்ல, சத்தியமா. ரோட்மேக்கர் தேறி வந்திருந்தாலும் கஷ்டம்தான். ஆனா "ஜெயிக்க மாட்டாங்க"ங்கறதை ஆடாமயே தீர்மானிக்கறதுன்னா செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் ஆடுனது எதுக்குன்னு அந்தப் பசங்க கேப்பாங்களா மாட்டாங்களா.

பணக் கதைதான் இதுல இன்னும் பெருசு. ஃப்ளோரிடா ஸ்டேட் 2023 ஆகஸ்ட்லயே, சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, ஏசிசில இருந்தா வருமானம் பத்தலன்னு வெளிப்படையா பேச ஆரம்பிச்சிருந்தாங்க. எஸ்இசி, பிக் டென் டீமுங்களுக்கு டிவி காசு கொட்டுது, இவங்களுக்கு வருஷத்துக்குப் பல மில்லியன் டாலர் கம்மி. வெளிய போகலாம்னா, ஏசிசில சேர்ந்த எல்லாரும் 2036 வரைக்கும் தங்களோட டிவி உரிமையைக் கூட்டணிக்கே எழுதிக் குடுத்திருக்காங்க. நிலத்தை வித்துட்டு அதுலயே குத்தகைக்கு உழற மாதிரி, போனா பயிரும் கிடையாது. டிசம்பர் 22-ம் தேதி யுனிவர்சிட்டி டிரஸ்டிகள் கூடி ஏசிசி மேல கேஸ் போட்டாங்க, வெளிய போக மொத்தம் 57.2 கோடி டாலர் ஆகும், இது அநியாயம்னு. ஏசிசி முந்திக்கிட்டு ஒரு நாள் முன்னாடியே நார்த் கரோலினால இவங்க மேல கேஸ் போட்டிருந்துச்சு. 13-0 எடுத்தும் ஏசிசி பேருக்கு மதிப்பில்லன்னு டிசம்பர் 3 காட்டிடுச்சு, ரொம்ப நாளா உள்ள புகைஞ்சது அதுக்கப்புறம் பத்திக்கிச்சு.

ஒரு வேடிக்கை. ப்ளேஆஃபை 12 டீம் ஆக்கலாம்னு 2022 ஆரம்பத்துல பேச்சு வந்தப்ப, இப்ப வேணாம்னு சொன்ன கூட்டணிகள்ல ஏசிசியும் ஒண்ணு. அப்புறம் ஒத்துக்கிட்டு 2024-ல 12 டீம் வந்துச்சு. சரியா ஒரு வருஷம் தள்ளி. புது விதில 13-0 சாம்பியன் வெளிய நிக்கறதுக்கு வழியே இல்ல. வந்த முதல் வருஷமே ஏசிசில இருந்து எஸ்எம்யூ, க்ளெம்சன்னு ரெண்டு டீம் உள்ள போச்சு. ஃப்ளோரிடா ஸ்டேட்?

2 ஜெயம், 10 தோல்வி.

இங்கதான் அந்த ரெடிமேட் விஷயம் திரும்ப வருது. 2024 டிராஃப்ட்ல இந்த டீம்ல இருந்து 10 பேர் போனாங்க, வெர்ஸ் முதல் சுத்துல ராம்ஸ்ங்கற என்எஃப்எல் டீமுக்கு, கோல்மனும் ஃபிஸ்க்கும் ரெண்டாவது சுத்துல. அவங்க இடத்துக்குக் கீழ இருந்து வளர்ந்து வந்த ஆளுங்க போதல, ஏன்னா மூணு வருஷமா வெளிய இருந்துதானே வாங்கிட்டு இருந்தாங்க. திரும்பவும் போர்ட்டலுக்கே போனாங்க, க்ளெம்சன்ல ஆடி ஆரிகன் ஸ்டேட்டுக்குப் போன குவார்ட்டர்பேக் டிஜே உயங்கலலேயைக் கூட்டிட்டு வந்தாங்க. இந்தத் தடவை எடுத்த சட்டை எதுவும் அளவு சேரல. ஆகஸ்ட்ல அயர்லாந்து டப்ளின்ல முதல் ஆட்டம், தரவரிசைல 10-ஆவது இடம், ஜார்ஜியா டெக் கடைசி நொடில ஃபீல்ட் கோல் உதைச்சு 24-21. அடுத்து பாஸ்டன் காலேஜ் 28-13. அப்புறம் நிக்கவே இல்ல. நவம்பர்ல நோட்டர் டேம்கிட்ட 52-3, மறுநாளே நார்வெல் ஆஃபென்ஸ், டிஃபென்ஸ்னு ரெண்டையும் பார்த்துக்கிட்ட கோஆர்டினேட்டர் கோச்சுங்க ரெண்டு பேரையும் அனுப்பிட்டாரு. அவரையும் அனுப்பலாம்னா, அலபாமா கோச் நிக் சேபன் 2024 ஜனவரில ஓய்வு பெற்றதும் அலபாமா நார்வெலைக் கேக்குதுன்னு பேச்சு வந்தப்ப வருஷத்துக்கு 1 கோடி டாலருக்கு மேல புது கான்ட்ராக்ட் போட்டுக் குடுத்திருந்தாங்க. அப்ப அனுப்பணும்னா மீதிக் காசை எண்ணி வைக்க வேண்டியிருந்துச்சு.

13-0-வும் 2-10-உம் வேற வேற காரணத்தால வந்துச்சுன்னு நினைக்கறவங்க இருக்காங்க, ஒரு வருஷம் நல்ல கோச்சிங், அடுத்த வருஷம் மோசமான கோச்சிங்னு. எனக்கு ரெண்டும் ஒரே கிணத்துத் தண்ணியாத்தான் தெரியுது. சீக்கிரம் கட்டுன வழியாலதான் சீக்கிரம் விழுந்துச்சு. அதனாலதான் 2023 டிசம்பர்ல நடந்தது இன்னும் வலிக்குது, மத்த பெரிய டீமுக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இருக்கும், இவங்களுக்கு இருந்தது அந்த ஒரு சீட்டுதான்.

2025 மார்ச்ல கேஸ் சமாதானமாச்சு. அதிகம் பேர் பார்க்கற டீமுக்கு அதிகக் காசுன்னு ஏசிசி ஒத்துக்கிச்சு, வெளிய போற தொகையும் வருஷா வருஷம் குறைஞ்சு 2030-31 வாக்குல 7.5 கோடி டாலருக்கு வரும். அடுத்த மாசமே டிராவிஸ் ஓய்வு அறிவிச்சாரு. நியூயார்க் ஜெட்ஸ் அஞ்சாவது சுத்துல எடுத்திருந்தாங்க, அந்தக் கால் தேறவே இல்ல, என்எஃப்எல்ல ஒரு ஆட்டம்கூட ஆடல.

2025 ஆகஸ்ட் 30, சீசன் முதல் ஆட்டம், டலஹாஸிக்கே வந்தது யாருன்னு நினைக்கறீங்க, அலபாமா. பாஸ்டன் காலேஜ்ல இருந்து மாறி வந்த குவார்ட்டர்பேக் தாமஸ் கேஸ்டெயனோஸ், அவங்களைக் காப்பாத்த இப்ப சேபன் இல்லன்னு ரெண்டு மாசம் முன்னாடியே வாய்விட்டிருந்தாரு, எல்லாரும் சிரிச்சாங்க. 31-17, ஃப்ளோரிடா ஸ்டேட். ஆட்டம் முடிஞ்சதும் ஜனங்க கிரவுண்டுக்குள்ள இறங்கிட்டாங்க. அந்த சீசனும் கடைசில 5-7-னுதான் முடிஞ்சுது, அது வேற விஷயம்.